எல்லா மூலையிலும் முப்பத்திரண்டு

பெட்டிக்குள் எல்லா மூலையிலும் முப்பத்திரண்டு டிகிரி. அரை டிகிரி ஏறவில்லை, இறங்கவில்லை. பாம்பு செத்துக்கொண்டிருந்தது.

தணிகாசலம் இதை மலையடி அம்மாவிடம் சொன்னார். இரண்டு பஸ் மாறி வந்த அலுப்பு. மடியில் துணிப்பை. பைக்குள் முடிச்சுப் போட்ட தலையணை உறை. உறைக்குள் பாம்பு.

அம்மா புளி உடைத்துக்கொண்டிருந்தார். காவி கட்டிய சாமியார்; குறை சொல்லி வருகிறவர்களுக்கு வழி சொல்பவர். நாற்பது வயது இருக்கும். தணிகாசலத்துக்கு அறுபத்து நாலு. வயது பார்த்தால் காரியம் ஆகுமா? நோய் ஒன்றும் இல்லை என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். நோய் இல்லாமல் சாகிற பாம்பை வேறு யாரிடம் கொண்டுபோவது?

"என்ன பாம்பு?"

"மலைப்பாம்புங்கம்மா. ஆப்பிரிக்காவுது. கடிக்காது. முறையா பதிஞ்ச சீட்டு இருக்கு."

"சீட்டை நான் கேக்கல. உங்களுதா?"

"பையனுது. கனடா போறப்ப விட்டுட்டுப் போனான்."

"பேரு?"

"எழிலன்."

"பாம்பு பேரு கேட்டேன்."

தணிகாசலத்துக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "ஜிலேபி. சுருண்டு சுருண்டு படுக்குமுங்க. அவன் வெச்சது."

அம்மா சிரிக்கவில்லை. ஒரு புளியங்கொட்டையைத் தூர எறிந்தார்.

"சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

"நாலு மாசம் ஒன்பது நாள். நானூறு கிராம் இளைச்சுப் போச்சு."

"பையன் என்ன சொல்றான்?"

"ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். பாம்பு எப்படி இருக்குன்னு கேப்பான். இருக்குன்னு சொல்லுவேன். வெச்சிடுவான்."

"வேற?"

"வேற ஒண்ணும் கேக்கமாட்டான்." பையை மெல்லத் தடவினார். "இது போயிட்டா ஞாயித்துக்கிழமையும் போயிடுமுங்க."

அம்மா புளியைக் கீழே வைத்தார்.

தணிகாசலம் நோட்டை எடுத்து நீட்டினார். அனல்மின் நிலையத்தில் முப்பத்தாறு வருஷம் கொதிகலன் பார்த்தவர். கொதிகலனில் ஓரிடம் சூடு, ஓரிடம் குளிர் என்றால் கோளாறு. கோளாறு என்றால் குழாய் வெடிக்கும். அந்தக் கையால்தான் பாம்புப் பெட்டியையும் பார்த்தார். இரண்டு ஹீட்டர், ஐந்து சென்சார். இரண்டு மணிக்கொருமுறை குறிப்பு. நேரம், வெப்பம், கோளாறு, செய்த வேலை. கடைசிக் கட்டத்தின் தலைப்பு, சரிசெய்தவர். எல்லா வரியிலும் அதற்குக் கீழே தணிகாசலம், தணிகாசலம்.

அம்மா விரலால் ஒரு வரியைத் தொட்டார். "'கிழக்கு மூலை இருபத்தாறு. கோளாறு. ஹீட்டர் சேர்க்கப்பட்டது.' இது என்ன?"

"பையன் வெச்சிருந்தப்ப ஒரு பக்கம்தான் சூடு. மறுபக்கம் சில்லுனு கிடந்துச்சுங்க. அரைகுறை வேலை. அவன் எதைத்தான் முழுசா செஞ்சான்? அவன் போன மறுநாளே நான் சரி பண்ணிட்டேன்."

"'தண்ணீர்க் கிண்ணம் அகற்றப்பட்டது.'"

"கிண்ணத்துப் பக்கம் ரெண்டு டிகிரி இறங்குதுங்க. பாம்பு வேற எந்நேரமும் அதுக்குள்ளயே போய்க் கிடந்துச்சு. இப்ப காலையில, சாயங்காலம் மட்டும் வெச்சு எடுத்துடறேன்."

அம்மா நோட்டை மூடினார். கண்ணையும் மூடித் திறந்தார்.

"இத்தனை பக்கத்துல பாம்பு எங்கய்யா?"

"பெட்டிக்குள்ளதான்."

"பெட்டிக்குள்ள எங்க?"

"எங்க இருந்தா என்னங்க? எல்லா இடமும் ஒரே சூடுதானே?"

அம்மா முற்றத்தைக் காட்டினார்.

"அவுத்து விடுங்க."

"இங்கயா? ஓடிட்டா?"

"பட்டினி கிடக்கறது எங்க ஓடும்?"

"காக்கா கொத்துமுங்க."

அம்மா புளி அடிக்கிற கோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இப்ப கொத்தாது. நோட்டை எடுங்க. அது போற இடத்தை எழுதுங்க. கிட்டப் போகக் கூடாது."

மார்கழி மாதம். மணி ஒன்பது. முடிச்சு அவிழ்ந்தது.

பாம்பு வெகுநேரம் அசையவில்லை. பிறகு நாக்கை நீட்டியது. தண்ணீர்த் தொட்டி ஓரம் ஈரமண்ணில் நிழல் இருந்தது. அங்கே ஊர்ந்துபோய் வயிறு முழுக்கப் படியக் கிடந்தது.

"குளிருமே!" தணிகாசலம் எழுந்தார்.

"உக்காருங்க."

ஒரு மணி நேரம் கழித்து அது வெயிலுக்கு வந்தது. துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறிச் சுருண்டது.

"அந்தக் கல்லு சுடுமுங்க. ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டு..."

"உக்காருங்கய்யா. உங்களோட பெரிய ரோதனை."

உட்கார்ந்தார். கை பரபரத்தது. திருக ஒரு குமிழ் இல்லை, அழுத்த ஒரு பொத்தான் இல்லை.

பாம்பு கல்லிலிருந்து இறங்கி நிழலுக்குப் போயிற்று. பாதி உடம்பு வெயிலில் கிடக்க, பாதி நிழலில் கிடந்தது. மறுபடி கல். மறுபடி தொட்டி. உச்சிக்குள் ஆறு தடவை இடம் மாறியது. ஆறு வரி எழுதினார். கடைசிக் கட்டத்தில் வழக்கம்போலத் தன் பெயரை எழுதப் போனார்.

கை நின்றது.

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா மறுபடி புளி உடைக்க ஆரம்பித்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கிழக்குப் பக்க ஹீட்டரைக் கழற்றினார். மேற்கில் முப்பத்திரண்டு, கிழக்கில் இருபத்தாறு. நடுவில் கிண்ணம். அப்புறம் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதுதான் பெரிய பாடாக இருந்தது.

மூன்றாம் வாரம், சனிக்கிழமை, பாம்பு ஒரு எலியைத் தின்றது.

ஞாயிறு போன் வந்தது.

"பாம்பு எப்படி இருக்கு?"

"அஞ்சு மாசமா சாப்பிடாம இருந்துச்சு. உன்கிட்ட மறைச்சுட்டேன். நேத்து சாப்பிட்டுது."

போன் வைக்கப்படவில்லை.

"என்னப்பா பண்ணீங்க?"

"நீ வெச்சிருந்த மாதிரியே திருப்பி வெச்சேன். அதுக்கப்புறம் நான் ஒண்ணும் பண்ணலை."

"ஒண்ணும் பண்ணலையா? நீங்களா?" அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "பின்ன யாருப்பா சரி பண்ணது?"

தணிகாசலம் மடியில் இருந்த நோட்டைப் புரட்டினார். கடைசிக் கட்டத்தில் இருந்ததை வாசித்தார்.

"ஜிலேபி."