பிளாஸ்டிக் உறை பிரிக்காத கார்

கருங்குன்றுக் காட்டில் வேலப்பன் என்றொரு முள்ளம்பன்றி கிழங்கு விற்றுப் பிழைத்துவந்தது. மனைவி கூரம்மா கிழங்கு தோண்டும். வேலப்பன் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, குன்றைத் தாண்டிச் சனிச் சந்தைக்குக் கொண்டுபோகும். போய்ச் சேரும்போது உச்சி வெயில். கிழங்கும் வாடிவிடும், வேலப்பனும் வாடிவிடும்.

ஒருநாள் சந்தைத் தலைவர் யானை பெரியதம்பி அறிவித்தது: "வரும் சனிக்கிழமை யாருடைய கிழங்கு முதலில் வந்து இறங்குகிறதோ, அவருக்கே ஆலமரத்து நிழல்! வருடம் முழுக்க!"

கிழங்கு விற்பவர்கள் இரண்டே பேர். ஒன்று வேலப்பன், மற்றது காட்டுப்பன்றி கோரையன். அதற்கும் தள்ளுவண்டிதான்.

"ஏங்க, ஒரு மின்சாரக் கார் வாங்கிடுவோம். இந்த வண்டியைத் தள்ளி நிழலைப் பிடிக்க முடியாது!" என்றது கூரம்மா.

இரண்டும் பழைய கார் விற்கும் நரி உத்தமனின் கொட்டகைக்குப் போயின. அங்கே எட்டே மாதம் ஓடிய கார் ஒன்று நின்றது.

"முன்னே வச்சிருந்தவர் கரடி," என்றது நரி. "தினமும் இதே குன்றுல ஏறி இறங்கின வண்டி. பேட்டரி நல்லா இருக்கு. பின் சீட்டுல ஒரு கீறல். தேன் வாசம் மட்டும் போகாது."

"கரடி ஏன் விற்குது?" என்று கேட்டது வேலப்பன்.

"உடம்பு பெருத்துப்போச்சுய்யா. கதவுல மாட்டிக்கிட்டார். நாலு பேர் சேர்ந்து இழுத்தோம்!"

கூரம்மா காரில் ஏறி, குன்றின் உச்சிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தது. "நல்லா இழுக்குதுங்க. இதையே முடிச்சிடலாம்!"

வேலப்பனுக்குச் சந்தேகம். நரி குறையைத் தானே சொல்கிறது என்றால், சொல்லாத குறை எத்தனை இருக்கும்? அது தலையைச் சொறிந்துகொண்டு நின்ற நேரத்தில், அந்தப் பக்கமாகக் கோரையன் வந்தது.

"என்னண்ணே! கரடி உட்கார்ந்து தேய்ச்ச சீட்டா? உங்க தகுதிக்கு இதெல்லாம் ஒரு வண்டியா? நாளைக்குச் சந்தையில நாலு பேர் என்ன பேசுவாங்க?"

வேலப்பனின் முட்கள் சிலிர்த்துக்கொண்டன. "யார் சொன்னது இதை வாங்குறேன்னு? சும்மா பார்க்க வந்தேன்!" என்று சொல்லிவிட்டு, நேரே மயில் சிங்காரத்தின் கார்க் கடைக்கு நடந்தது.

அங்கே புத்தம் புதுக் கார்! முகம் பார்த்து முள் சீவிக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு.

"ஒருமுறை சார்ஜ் போட்டால் ஏழு குன்று தாண்டும்!" என்று தோகையை விரித்தது மயில்.

"எங்கே ஓட்டிப் பார்த்தீங்க?" என்று கேட்டது கூரம்மா.

"காய்ந்த ஏரியில்."

"யார் ஓட்டினது?"

"சிட்டுக்குருவி."

"வண்டியில எவ்வளவு சுமை?"

"குருவியே சுமைதானேம்மா!"

கூரம்மா கணவனைப் பார்த்தது. கணவன் காரைப் பார்த்துக்கொண்டிருந்தது. சேமித்ததெல்லாம் மயிலிடம் போனது.

நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சந்தனப் பொட்டு வைத்தார்கள். "சீட்டு உறையைப் பிரித்துவிடட்டுமா?" என்று மயில் அலகை நீட்டியது.

"தொடாதே!" என்று வேலப்பன் அலறியது. "அது இருந்தால்தானே புதுசுன்னு தெரியும்!"

சனிக்கிழமை விடிந்தது. கூரம்மா கிழங்கு மூட்டையை இழுத்துவந்தது.

"நில்லு! மண்ணோட ஏத்தாதே. ஒவ்வொண்ணாக் கழுவு!"

கழுவியாயிற்று.

"ஈரத்தோட ஏத்தாதே. ஒவ்வொண்ணாத் துடை!"

துடைத்து ஏற்றி முடித்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. கூரம்மா பின்னால் கிழங்கு மூட்டைமேல் ஏறிக்கொண்டது. வேலப்பன் காரில் ஏறியது. ஆனால் உட்காரவில்லை. உட்கார்ந்தால் முள் உறையைக் கிழித்துவிடுமே! சீட்டில் படாமல், அரைக்குந்தலில் நின்றபடியே ஓட்டியது. தொடை நடுங்கியது. கார் ஆமை வேகத்தில் ஊர்ந்தது.

வழியில் ஒரு குட்டை. வேலப்பன் காரை நிறுத்திவிட்டு இறங்கியது.

"தவளையாரே, ஆழம் எவ்வளவு?"

"எனக்கே இடுப்பளவுதான்யா!"

"அப்போ சேறு தெறிக்கும்," என்ற வேலப்பன், காரைத் திருப்பிக் குன்றைச் சுற்றிப் போகும் நீண்ட பாதையில் விட்டது. கூரம்மா பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

பின்னாலேயே ஒரு கார் வந்தது. மேலெல்லாம் சேறு. சளார் என்று குட்டைக்குள் பாய்ந்து, நேரே குன்றில் ஏறிப் போனது. காற்றில் தேன் வாசம் வந்தது.

கூரம்மா தலையை வெளியே நீட்டிப் பார்த்தது. "ஏங்க, அது நாம பார்த்த வண்டியாச்சே!"

இவர்கள் சந்தையை அடைந்தபோது, ஆலமரத்து நிழலில் கோரையன் பாதிக் கிழங்கை விற்று முடித்திருந்தது.

"வாங்கண்ணே! நீங்க வேண்டாம்னு போன வண்டியை நான் அன்னைக்கே வாங்கிட்டேன். தங்கமான வண்டி!" என்று சிரித்தது. "உங்களது என்னமா பளபளக்குது! வெயில்ல நிறுத்தாதீங்க, நிறம் மங்கிடும்!"

வேலப்பனுக்குக் கிடைத்ததோ சந்தையின் கடைசியில் ஒரு பொட்டல். கிழங்கை மூட ஒரே ஒரு தார்ப்பாய்தான் இருந்தது. வேலப்பன் அதை எடுத்துப் பதறிப் பதறிக் காரின் மேல் விரித்தது.

கூரம்மா அதைப் பிடுங்கியது. "விற்கிறது கிழங்கையா, காரையா? இப்படிக் கொடுங்க!"

விடிந்ததிலிருந்து உட்காராத வேலப்பனின் கால்கள் கெஞ்சின. கார்க் கதவைப் பிடித்தபடி தள்ளாடி, அப்படியே சீட்டில் சாய்ந்தது.

படபடபடவென்று சத்தம். உறையிலும் சீட்டிலும் எண்ண முடியாத ஓட்டைகள். கரடி வைத்ததோ ஒரே ஒரு கீறல்!

வேலப்பன் அழுதுவிடும்போல் இருந்தது. கூரம்மா எட்டிப் பார்த்தது. பிறகு நிம்மதியாக மூச்சு விட்டது.

"அப்பாடா! பழசாயிடுச்சு. இனிமேலாவது ஓட்டுங்க!"

வேலைக்காக வாங்கிய பொருளின் பளபளப்பைக் காக்கப் போகிறவன், கடைசியில் அந்தப் பொருளுக்கே வேலைக்காரனாகிவிடுவான்.