வரி கேட்காத ஊர்

பொன்னுரங்கம் மடத்துக்குள் நுழைந்த வேகத்தில் வாசலில் மேய்ந்த கோழிகள் சிதறின. மடத்து அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். வயதில் பொன்னுரங்கத்தைவிடச் சின்னவர். ஆனாலும் அவருக்கு இந்த அம்மாதான் குரு.

"உட்காருங்க."

"உட்கார முடியலைம்மா. திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி வாங்கறாங்க. என் வீட்டை மட்டும் தாண்டிப் போயிட்டாங்க."

"மிச்சம்தானே."

"விளையாடாதீங்க. வரி வாங்கினாத்தான் ஊர்க்கணக்குல நான் ஒரு தலைக்கட்டு. இல்லேன்னா பந்தல்ல நிக்கலாம், பொங்கல் வாங்கித் திங்கலாம். வாயைத் திறக்க முடியாது."

"நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறது?"

"கொடுத்தேனே. தர்மகர்த்தா சிரிச்சுக்கிட்டே உண்டியலைக் காட்டறார். அதுல யார் வேணாலும் போடலாமாம்."

அம்மா முறத்தை ஒரு தட்டு தட்டினார். உமி பறந்தது.

மழை பொய்த்ததால் பிறந்த ஊரை விட்டவர் பொன்னுரங்கம். வேலை பார்த்த மில்லை மூடியதும் டவுனையும் விட்டார். இங்கே வந்தபின் பிறந்த மகள் தாவணி போட்டாயிற்று. ஊர் வாயில் அவர் இன்னும் 'வந்த ஆள்'தான்.

"நாளைக்குப் பொண்ணுக்குப் பரிசம் போட வர்றவன் எந்த ஊருன்னு கேட்டா, நான் எதைச் சொல்ல?"

"வீட்டில என்ன சொல்றாங்க?"

"தனபாக்கியமா? இன்னொரு தடவை பானை சட்டியைக் கட்டச் சொன்னா, என்னைக் கட்டி வெளியே வெச்சிடுவாளாம்." குறுக்கும் நெடுக்கும் நடப்பதை நிறுத்தாமலே கேட்டார். "இந்த ஊர்க்காரன் ஆக எவ்வளவு காலம் ஆகும்? அதைச் சொல்லுங்க. இல்லேன்னா நாளைக்கே வண்டி பேசறேன்."

அம்மா மறுபடி புடைக்கத் தொடங்கினார். வாசலில் யாரோ கனைத்தார்கள்.

ஒரு குடும்பம். அவன் தலையில் டிரங்குப் பெட்டி. அவள் இடுப்பில் குழந்தை, கையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். ஆற்று வெள்ளம் வீட்டைக் கொண்டுபோய்விட்டதாம்.

"ஏரிக்கரையில ஓரமா ஒரு குடிசை போட்டுக்கலாங்களா?"

அம்மா வாயைத் திறக்குமுன் பொன்னுரங்கம் வாசற்படியில் நின்றார்.

"ஏம்ப்பா, எங்களுக்கே இங்க குடிக்கத் தண்ணி இல்லை. வர்றவன் போறவன் எல்லாம் கரையில குந்தினா எங்க ஊரு என்னத்துக்கு ஆகும்? இப்பிடியே போனா செங்கல் சூளை வரும். அங்க கேளு."

"ஐயா இந்த ஊருங்களா?"

"பின்னே?"

"தெரியாம கேட்டுட்டேங்க." அவன் பெட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பினான்.

"நில்லுங்க," என்று அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "குழந்தை வெயில்ல வாடுது. உள்ள வந்து தண்ணி குடிங்க. கரையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

அவள் ஸ்டவ்வை நிழலில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அம்மா தண்ணீர் மொண்டு குழந்தையின் வாயருகே பிடித்தார். பொன்னுரங்கம் சலிப்போடு பக்கத்தில் வந்து நின்றார்.

"என் கேள்வி அப்படியே நிக்குதும்மா. ஊர்க்காரன் ஆக எவ்வளவு காலம் ஆகும்?"

அம்மா சொம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆயிட்டீங்க. கொஞ்சம் முன்னாலதான், இவங்களைப் போகச் சொன்னீங்களே, அப்போ."