அளவோலை

வடகரை மடத்தின் பின்புறம், ஆற்றை ஒட்டினாற்போல் ஓர் ஓலைக் கொட்டகை இருந்தது. மடத்தில் எழுதப்படும் ஒவ்வோர் எழுத்துக்கும் அங்கிருந்துதான் ஓலை போகும். பனையோலையை நறுக்கி, மஞ்சள் நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, கூழாங்கல்லால் வழவழவென்று தேய்த்துக் கொடுப்பது பெண்கள். அதில் இறைவனின் சொல்லை எழுதுவது ஆண்கள். எழுதி முடித்த ஓலையைப் பெண்கள் தொடக் கூடாது.

அப்படித் திருநூலிலேயே இருந்தது. கடைசி ஓலையின் கடைசி வரி: 'இதைப் பெண்கள் தொட வேண்டாம்.' தொட்டால் இறைவன் நூலைவிட்டு நீங்கிவிடுவான் என்று மடத்து மூத்தவர் சடையப்ப அடிகள் அதற்கு உரை சொல்லுவார். ஏன் நீங்குவான், நீங்கி எங்கே போவான் என்று யாரும் கேட்டதில்லை.

மருதாயி கேட்டாள்.

மருதாயிக்கு வயது ஐம்பத்தைந்து. பதினைந்து வயதிலிருந்து அந்தக் கொட்டகையில் ஓலை வெட்டுகிறவள். அவளுடைய குரு சொக்கம்மைக்கு முப்பதுகூட நிறையவில்லை. மடத்து எழுத்தரின் மகள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றே எழுத்துப் படித்தவள். வேலை ஓய்ந்த மத்தியானங்களில் கழித்துப்போட்ட ஓலைகளை வைத்துக்கொண்டு கொட்டகைப் பெண்களுக்குச் சொல்லித் தந்தாள். குரு சிஷ்யையை 'அக்கா' என்பாள். சிஷ்யை மனசு நன்றாக இருந்தால் 'குருவே' என்பாள், கோபம் வந்தால் 'அடியே' என்பாள். பெரும்பாலும் அடியேதான்.

அந்த வயதில் மருதாயி எழுத்தாணி பிடித்ததற்கு ஒரே காரணம் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் அவள் மகள் செண்பகம் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். பதினாறாம் நாள் மடத்து வாசலில் நின்று, "என் பிள்ளை ஆண்டவன்கிட்ட போய்ச் சேர்ந்திருப்பாளா சாமி?" என்று கேட்டாள். அடிகள் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். பெண்ணாய்ப் பிறந்தவர்க்கு இறைவனடி கிடையாது. இன்னொரு பிறவியில் ஆணாகி வந்தால் பார்க்கலாம். திருநூலில் அப்படித்தான் இருக்கிறது. தொண்ணூற்றிரண்டாம் ஓலை.

அந்த வரி இருக்கிறதா என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இந்த ஏழு வருஷப் படிப்பு.

இப்போது அதிக நாள் இல்லை. நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை திருநூலைப் பார்த்துப் புதுப்படி எழுதுவார்கள். இந்த முறை எழுதி முடித்து, சுவர்ப்பேழைக்குள் வைத்துப் பூட்டியும் ஆகிவிட்டது. பழைய படியை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடுவார்கள். மடத்துக் கதவைத் தாண்டி அது வெளியே வரும் ஒரே நாள் அதுதான். பெருக்குக்கு இன்னும் நான்கு நாள்.

"ஒண்ணு கேட்கிறேன் குருவே," என்றாள் மருதாயி.

"கேளுக்கா."

"ஓலையை நான் வெட்டறேன். நான் வேகவைக்கிறேன். நான் தேய்க்கிறேன். அதுவரைக்கும் தோஷம் இல்லை. எழுத்து விழுந்ததும் என் கை ஆகாது. சாமி எப்ப வந்து அதுல உட்கார்றார்? முதல் எழுத்துலயா, கடைசி எழுத்துலயா?"

சொக்கம்மை ஒரு வெற்றோலையையும் எழுத்தாணியையும் நீட்டினாள்.

"அந்தக் கடைசி வரியை எழுது."

மருதாயி இடது கையில் ஓலையை இறுக்கிப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். இதைப் பெண்கள் தொட வேண்டாம்.

"சாமி வந்துட்டாரா?" என்றாள் சொக்கம்மை.

மருதாயி ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காணோம்."

"நீ கையில வெச்சிருக்க, அதான் வரலையோ என்னவோ. கீழ வை."

வைத்தாள். இருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்தோ ஓர் எறும்பு வந்து எழுத்தின்மேல் ஏறி, நிதானமாக நடந்து, அந்தப் பக்கம் இறங்கிப் போனது.

"அது ஆம்பளை எறும்பா இருக்கும்," என்றாள் மருதாயி.

சொக்கம்மை வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

"அடியே, கேட்டதுக்குப் பதில் சொல்லுடி."

"எறும்பு சொல்லிட்டுப் போச்சேக்கா."

மறுநாள் ஆடிக்காற்று கொட்டகைக்குள் புகுந்து கண்டதையும் தூக்கியடித்தது. நடுத்தூணில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அளவோலை கழன்று, நேராக மைச்சட்டிக்குள் விழுந்தது.

அளவோலை என்பது மாதிரி ஓலை. வெட்டுகிற எல்லா ஓலைக்கும் ஒரே நீளம், ஒரே அகலம் வேண்டும். கயிறு கோக்கும் துளை ஒரே இடத்தில் விழ வேண்டும். அதற்காக நாற்பது வருஷத்துக்கு முன், அப்போது ஆற்றில் விடப்போன படியிலிருந்து ஓர் ஓலையை உருவி மடத்திலிருந்தே கொடுத்திருந்தார்கள். அன்றைக்கே எழுத்து மங்கிப் போயிருந்தது. அதன்மேல் நாற்பது வருஷத்துப் புகையும் மஞ்சளும் ஏறிவிட்டன. தினமும் பத்துப் பெண்கள் அதைக் கையில் எடுத்து வைத்து அளப்பார்கள். ஒரு காலத்தில் அதில் ஏதோ எழுதியிருந்தது என்பதையே எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

மை, மடத்துக்காக அரைத்து வைத்த விளக்குக்கரி மை. மருதாயி பதறிப்போய் ஓலையை எடுத்துத் துணியால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க, பழைய கீறல்களில் மை இறங்கி எழுத்துகள் எழுந்து வந்தன.

எழுத்துக் கூட்டிப் படித்தாள். திருநூலின் கடைசி வாழ்த்து. அதற்குக் கீழே, ஒரு வரி இடம் விட்டு, பொடி எழுத்தில் வேறு ஏதோ இருந்தது.

'மை அரைத்த கையோடு இதைப் பெண்கள் தொட வேண்டாம். விரல் பதிந்து ஓலை பாழாகிறது.'

மூன்று முறை படித்தாள். அவள் அம்மா காலத்தில், எழுதி வந்த ஓலைக்கு மை தடவித் துடைப்பதும் கொட்டகைப் பெண்கள்தான். நாற்பது வருஷத்துக்கு முன் புதுப்படி வந்தபிறகு அந்த வேலை ஆண்களுக்குப் போய்விட்டது. ஏன் போனது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

"அடப்பாவி! பார்த்து எழுதினவன் மையை விட்டுட்டான், விரலை விட்டுட்டான், எங்களை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டான்!"

ஓலையைக் கொண்டுபோய்க் குருவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். சொக்கம்மை வாங்கிப் படிக்கவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா. வெயில்ல சாய்ச்சுப் பிடிச்சா கீறல் தெரியும்."

"அடியே! ஏழு வருஷமா என் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு..."

"நான் சொல்லியிருந்தா, அடிகள் சொன்னாருன்னு நம்பின மாதிரி சொக்கம்மை சொன்னான்னு நம்பியிருப்ப."

மருதாயிக்கு அதை நின்று கேட்கப் பொறுமை இல்லை. மைக்கையோடு மடத்து முற்றத்துக்குப் போனாள்.

அடிகள் துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவள் ஓலையை நீட்டியதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சாமி, அந்தக் கடைசி வரி ஆண்டவன் சொன்னதில்லை. எழுதின ஆள் சொன்னது. கையைக் கழுவிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கான், அவ்வளவுதான்."

அவர் குனிந்து, தொடாமல் படித்தார். படித்துவிட்டு நிமிர நேரமாயிற்று.

"இது எங்கே இருந்தது?"

"கொட்டகைத் தூணுல."

"யார் தொட்டார்கள்?"

"யார் தொடலைன்னு கேளுங்க. நாற்பது வருஷமா நாங்க எல்லாரும்தான்."

"அப்படியானால் இறைவன் இதைவிட்டு அன்றைக்கே நீங்கியிருப்பான். அவன் இல்லாத ஓலை எதைச் சொன்னால் என்ன?"

மருதாயி ஓலையை இன்னும் கிட்டே நீட்டினாள். "இதைப் பார்த்துத்தானே சாமி அதை எழுதினாங்க? பார்த்து எழுதினவன் பாதியை விட்டுட்டான்."

"விட வைத்தது யார்? அதுவும் அவன் சித்தம்தான்."

"அப்ப இன்னிக்கு இது மைச்சட்டியில விழுந்தது யார் சித்தம்?"

அடிகள் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"உனக்கு எழுத்துச் சொல்லித் தந்தது யார்?"

மருதாயி ஓலையை முந்தானைக்குள் செருகிக்கொண்டாள்.

"பெருக்கு முடியட்டும்," என்றார் அவர். "கொட்டகையைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்."

பெருக்குக்கு முந்தின நாள் மத்தியானம். ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து சொக்கம்மை ஓலை தேய்த்துக்கொண்டிருந்தாள். மருதாயி உட்காராமல் நின்றபடியே பேசினாள்.

"ஒரு வரி பொய்யின்னா தொண்ணூற்றிரண்டாவதும் பொய்தான். இதே மாதிரி எவனாவது ஓரத்துல கிறுக்கியிருப்பான், இன்னொருத்தன் உள்ள சேர்த்திருப்பான். நாளைக்குப் பார்த்துடறேன்."

"எப்படி?"

"கையால எடுத்துத்தான். வேற எப்படி?"

"சரி. அந்த வரி இல்லைன்னா?"

"என் பிள்ளை ஆண்டவன்கிட்ட இருக்கா. அடிகள் சொன்னது பொய். நான் நிம்மதியாப் போய்ச் சோறு திம்பேன்."

"இருந்தா?"

"இருக்காது."

"இருந்தாக்கா?"

"அதான் இருக்காதுங்கறேனே!"

சொக்கம்மை கூழாங்கல்லைக் கீழே வைத்தாள்.

"ஓரத்துல இல்லாம, பொடி எழுத்துல இல்லாம, சாமியே தன் கையால நடுவுல எழுதி வெச்சிருந்தா? செண்பகத்தை விட்டுக் கொடுத்துடுவியா?"

மருதாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ஆறு செம்மண் நிறத்தில் இரு கரையும் தொட்டுப் போனது. ஊரே படித்துறையில் இருந்தது. வாழைத்தண்டுத் தெப்பத்தில் பட்டு விரித்து, அதன்மேல் பழைய திருநூலை வைத்து, அடிகள் சூடம் காட்டினார். தெப்பத்தைத் தள்ளக் குனிந்தபோது, முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்த மருதாயி நூலைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

படித்துறை மொத்தமும் ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

"தொடாதே!" என்றார் அடிகள். "இறைவன் நீங்கிவிடுவான்!"

"ஆத்துல விடத்தானே சாமி கொண்டு வந்தீங்க? அவரையும் சேர்த்தா விட இருந்தீங்க?"

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு ஆட்கள் தண்ணீரில் இறங்கினார்கள். மருதாயி அதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். பிடுங்கினால் திருநூல் சிதறி ஓலை ஓலையாக வெள்ளத்தோடு போகும், அந்தப் பாவம் பிடுங்கியவர் தலையில் விழும். அவர்கள் முழங்கால் தண்ணீரில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

அவள் ஓலைகளைத் தள்ளித் தள்ளி எண்ணினாள். தொண்ணூற்றிரண்டுக்கு வந்ததும் கை நின்றது. படிப்பதற்கு முன்னால் துளை கண்ணில் பட்டது. இடது துளை கொஞ்சம் கோணலாக இருந்தது. பதினைந்து வயதில் அவள் போட்ட துளை. கோணலாகப் போட்டதற்கு அம்மாவிடம் தலையில் குட்டு வாங்கியது இன்னும் ஞாபகம் இருந்தது.

சத்தமாகப் படித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படித்தாள், ஆனால் நிறுத்தவில்லை.

வரி இருந்தது.

ஓரத்தில் இல்லை. பொடி எழுத்து இல்லை. மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் நடுவில், அதே அளவில், அதே அழகில், ஒரு பிழையும் இல்லாமல் இருந்தது. பெண்ணாய்ப் பிறந்தார்க்கு இறைவனடி இல்லை. ஆணாய்ப் பிறந்து வருக.



"இருக்கிறதல்லவா?" என்றார் அடிகள். அவர் குரலில் கோபம் போயிருந்தது. இரக்கம்கூட இருந்தது.

"இருக்கு சாமி."

"இறைவன் சொன்னது."

மருதாயி திரும்பிக் கரையைப் பார்த்தாள். சொக்கம்மை படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். விசாரிக்க வேண்டியது யாரை என்று அடிகளுக்குத் தெரிந்துவிட்டது. அது தெரியட்டும் என்றுதான் அவளும் வந்தாள். புடவை நனைய நனைய நடந்து வந்து, சிஷ்யையின் பக்கத்தில் நின்று, இடுப்பிலிருந்து எழுத்தாணியை எடுத்து நீட்டினாள்.

"ஆண்டவன் சொல்லி முடிச்சாச்சுக்கா. இனி செண்பகத்துக்காக நீ சொல்லு, இதுலயே எழுது. ஓலை நீ வெட்டினதுதானே."