பல்லி சொல்லிக் கட்டிய வீடு

அந்தக் காலத்தில் பல்லிகள் பஞ்சவர்ணக் கிளி போல நிறம் நிறமாக இருந்தன. வாயும் நிறத்துக்குக் குறைந்ததில்லை. பல்லியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யாரும் வீடு கட்டத் தொடங்கமாட்டார்கள்.

சோலையப்பன் வீட்டிலும் ஒரு பல்லி இருந்தது. அந்த வீட்டில் பூ செதுக்காத தூண் கிடையாது. சுவரின் உச்சியில் வரிசையாகச் சுதைக் கிளிகள். அவற்றுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டால் எது கிளி, எது பல்லி என்று தெரியாது. அதனால் யாரும் அதை விரட்டியதில்லை. ஆனாலும் பல்லிக்கு ஒரு குறை. துரத்திய பூச்சியெல்லாம் செதுக்கல் இடுக்கில் புகுந்துகொண்டன. பாதி நாள் பட்டினிதான்.

மகனுக்குத் தனி வீடு கட்ட நினைத்த சோலையப்பன், மனைவி உமையாளோடு பல்லியிடம் வந்தார்.

"வாசலுக்கு மேல ரெண்டு கிளியாவது வேணும்" என்றாள் உமையாள்.

பல்லிக்குப் பூச்சி ஞாபகம் வந்து நாக்கில் எச்சில் ஊறியது. "கிளி எதுக்கும்மா? தூசி துடைச்சே உங்க இடுப்பு ஒடியுது. சுவரை மொழுமொழுன்னு விட்டுடுங்க. ஒரு இடுக்குகூட இருக்கக் கூடாது."

"அதுவும் சரிதான். வேலையும் சீக்கிரம் முடியும்" என்றார் சோலையப்பன். உமையாள் இடுப்பைத் தடவிக்கொண்டாள்.

வீடு எழும்பியது. பல்லியே சொன்ன வீடாயிற்றே என்று ஊரும் அப்படியே கட்டத் தொடங்கியது.

முதல் ஆளாகக் குடியேறிய பல்லி, ஒளிய இடமில்லாத பூச்சிகளை வயிறு முட்டத் தின்றது. காலையில் பார்த்தால் எதிரே மகன் வீட்டைப் பெருக்க வந்த உமையாள், கையில் விளக்குமாறு.

"நான்தாம்மா, யோசனை சொன்ன பல்லி."

"தெரியுது. எங்க உட்கார்ந்தாலும் நீதான் தெரியுற. வெள்ளைச் சுவத்துல அசிங்கமா இருக்கு."

ஓங்கி ஒரு அடி. வாலை அங்கேயே விட்டுவிட்டு ஓடிய பல்லிக்கு ஒளிய ஓர் இடுக்கு கிடைக்கவில்லை. மூலையில் மிச்சம் வைத்திருந்த சுண்ணாம்பு வாளிக்குள் குதித்தது. வெளியே வந்தபோது நிறமெல்லாம் வெளுத்திருந்தது, நாக்கு வெந்திருந்தது. பாவம், தன் புத்தியைத் தானே திட்டிக்கொள்ள வாயைத் திறந்தது. 'ச்ச், ச்ச்' மட்டும்தான் வந்தது.

உமையாள் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டு வெறும் வாசலை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு கிளி வெச்சிருக்கலாம்" என்றாள்.

'ச்ச்' என்றது பல்லி.

அன்று முதல்தான் பல்லிகள் வெளிறிப்போய், காலண்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, மொட்டைச் சுவரைப் பார்த்து உச்சுக் கொட்டுகின்றன. நாமோ பல்லி நல்ல வாக்குச் சொல்லிவிட்டது என்று அடுத்த மொட்டைச் சுவரை எழுப்பப் போய்விடுகிறோம்.