கிணற்று நீர் என்று எழுதிய பாட்டில்

பொங்கியண்ணனுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆய்வில் அவருக்குக் குருவான ரெஜினாவுக்கு முப்பத்தாறு. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சிஷ்யரைக் கும்பிட்டுவிட்டு, குருவிடம் டீ கேட்பார்கள். ரெஜினாவும் சிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பார்.

பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டே பொங்கியண்ணன் ஆய்வுக்கு வந்ததற்குக் காரணம் வீட்டுக் கிணறு. சுற்றிலும் கோழிப்பண்ணைகள். எருவும் உரமும் இறங்கி, தண்ணீரில் நைட்ரேட் ஏறிவிட்டது. அதில் பால் பவுடர் கலக்கிக் கொடுத்தால் பச்சைக் குழந்தைக்கு உடம்பு நீலம் பாய்ந்துவிடும். மின்சாரம் பாய்ச்சி நைட்ரேட்டை அமோனியாவாக மாற்றிப் பிரித்துவிட்டால் வயலுக்கு உரமும் ஆயிற்று, வீட்டுக்கு நீரும் ஆயிற்று. அதற்காகத்தான் செம்பில் கோபால்ட் சேர்த்து ஒரு தகடு செய்துகொண்டிருந்தார்.

மகளுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு மாமியார் வீட்டிலேயே இருந்துவிடட்டுமா என்று அவள் கேட்டாள். தைக்குள் தண்ணீர் சரியாகிவிடும், நீ வா என்று சொல்லிவிட்டார். பிள்ளை பெற வருகிறவளுக்கு விலைக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுப்பதா என்ற வீறாப்பு வேறு.

ஒரு நாள் தகடு தொண்ணூற்றைந்து சதவீத நைட்ரேட்டை மாற்றிக் காட்டியது. பாட்டிலும் கையுமாக ஓடிவந்தார். அதில் ‘கிணற்று நீர்’ என்று எழுதியிருந்தது.

"ஊர்லருந்து கொண்டுவந்ததா, சார்?" என்று ரெஜினா கேட்டார்.

"இல்லீங்க மேடம். காய்ச்சி வடிச்ச தண்ணில நைட்ரேட் உப்பு நிறுத்துப் போட்டேன். கிணத்துல இருக்கற அதே அளவுங்க."

"உங்க வீட்ல தண்ணி காய வெச்சா பாத்திரத்துல என்ன படியும்?"

"வெள்ளையா உப்புப் படியுமுங்க."

"இதுல?"

பொங்கியண்ணன் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பஸ்ஸில், மடியில் ஒரு குடம் கிணற்று நீரோடு வந்து இறங்கினார்.

அதே தகடு, அதே மின்சாரம். சாயங்காலத்துக்குள் அந்தத் தொண்ணூற்றைந்து சதவீதம் முப்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. தகட்டின் மேல் வெள்ளை ஏடு கட்டியிருந்தது. பிள்ளைகளை மிரட்டியே பழகிய அந்த வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

ரெஜினா பார்க்காததுபோல் தகட்டைக் கழற்றினார். லேசான அமிலத்தில் அலசித் துடைத்து, அந்தக் குடத்து நீரிலேயே மறுபடி பொருத்தினார்.

"இது எப்ப மேடம் நல்லாகறது? தைல கொழந்த பொறந்துருமுங்களே."

"மகளை வரச் சொல்லுங்க, சார். கொழந்தைக்குக் கேன் தண்ணி வாங்குங்க. கிணத்துத் தண்ணியை இந்தத் தகடு குடிச்சுப் பழகட்டும்."