நான்கு கப்பிகள்

"மூணு தடவ கவுந்துட்டேன் பிலோமி. எல்லாம் இந்தக் கயிறு பண்ணுற சதி," என்றார் ஆவுடையப்பன்.

பிலோமி தன் வள்ளத்தில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கயிறு உங்களுக்கு என்ன பாவம் செஞ்சுது அண்ணாச்சி?"

அவருக்கு அறுபத்தாறு வயது. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. ஆனால் அந்தக் கரையில் பாய்மரப் படகு ஓட்ட அவளை விட்டால் ஆள் கிடையாது. கடலில் போய் வயசு பார்த்துக் குருவைத் தேடினால் உப்புத் தண்ணீர்தான் குடிக்க வேண்டும். அண்ணாச்சி மூன்று முறை குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

படகு அவரே செய்தது. பன்னிரண்டு அடி. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்து, பலகை பலகையாக இழைத்துச் சேர்த்தது.

பிலோமி விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள்.

"வேலை சுத்தம். எங்க போகணும்?"

"அந்தத் திட்டுக்கு."

கிழக்கே வெள்ளையாக ஒரு மணல் திட்டு தெரிந்தது. நல்ல காற்றில் அரை மணி நேரம்.

"அங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. கோமதி கேட்டா."

கோமதி அவர் மனைவி. இறந்து ஏழு மாதம் ஆகிறது.

பிலோமி படகுக்குள் ஏறினாள். பாயின் அடிக் கழியை இழுத்துப் பிடிக்கிற கயிற்றுக்குத் தாமான் என்று பெயர். காற்று கூடினால் விட வேண்டும், குறைந்தால் இழுக்க வேண்டும். பாதி வித்தை அதில்தான் இருக்கிறது. ஆவுடையப்பன் அந்தக் கயிற்றை நான்கு கப்பிகளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"யம்மாடி! எதுக்கு நாலு?"

"கனமே தெரியாது. சுண்டு விரலால இழுக்கலாம், பாக்கியா?" குரலில் பெருமை தாங்கவில்லை.

"கனம் தெரியலன்னா, காத்து கூடுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கயிற்றைப் பார்த்தார்.

"சரி, தெரிஞ்சுதுன்னே வைங்க. கயித்த விடுறீங்க. அது நாலு கப்பியும் சுத்தி ஓடி முடியறதுக்குள்ள?"

"கவுந்துருது."

பிலோமி ஸ்பேனரை எடுத்து ஒரு கப்பியைக் கழற்றி மணலில் போட்டாள்.

"இப்ப இழுங்க."

"கொஞ்சம் கனக்கு."

இரண்டாவதைக் கழற்றினாள். மூன்றாவதையும் கழற்றினாள். நான்காவதில் கை வைத்தபோது அவர் பதறிப்போய்த் தடுத்தார்.

"இது மட்டும் இருக்கட்டும் தாயி."

"ஏன்? இதுக்கு மட்டும் என்ன வெள்ளை பெயிண்ட்? ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி இருக்கு."

"கோமதி கட்டிலுக்கு மேல இருந்தது."

பிலோமி கையை எடுத்துக்கொண்டாள்.

"வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துட்டு அவளுக்கு. எழுந்து உக்காரணும்னா ஒரு ஆள் தூக்கணும். நான் கப்பி மாட்டிக் குடுத்தேன். இடது கையால கயித்த இழுத்தா, தலைமாட்டுப் பலகை தானா நிமிரும். டாக்டரே அசந்துட்டார்."

"நல்ல காரியம்தான செஞ்சிருக்கீங்க?"

"அவ கயித்த இழுக்க மாட்டா. 'இங்க வந்து கையக் குடுங்க'ன்னு கூப்பிடுவா. நான் கொட்டகையில இருந்தே சத்தம் போடுவேன். 'அதான் கயிறு இருக்குல்லா, இழு'ன்னு."

"கொட்டகையில என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

ஆவுடையப்பன் படகின் விளிம்பைத் தடவினார்.

"இததான். அவள ஒரு தடவ திட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு."

அவர் பாயை அண்ணாந்து பார்த்தார்.

"பாய் கட்டறதுக்குப் பதினோரு நாளைக்கு முன்ன போயிட்டா. கடைசி வாரம் அவ கூப்பிடவே இல்ல, பிலோமி. கயித்தையே இழுத்துக்கிட்டா. நானும் பழகிட்டான்னு சந்தோசப்பட்டேன். பாவி."

பிலோமி ஸ்பேனரை அவரிடம் நீட்டினாள்.

"இத நான் கழட்டக் கூடாது அண்ணாச்சி."

முப்பத்துநாலு வருஷம் ஸ்பேனர் பிடித்த கை. ஒரு நட்டைக் கழற்ற வெகுநேரம் ஆனது. கப்பியைத் துடைத்து மணலில் வைத்தார், மற்ற மூன்றுக்கும் பக்கத்தில்.

படகைத் தள்ளினார்கள். பிலோமி பின்னால் சுக்கானைப் பிடித்தாள். தாமானை நேராக அவர் கையில் கொடுத்தாள்.

காற்று பாயை நிரப்பியது. கயிறு அவரை வெடுக்கென்று முன்னால் இழுத்தது.

"யப்பா! கனக்கே!"

"கனக்கும்."

"கை எரியுது."

"எரியும். காத்து கூடுது, கொஞ்சம் விடுங்க. ம். இப்ப இழுங்க."

அவர் விட்டார், இழுத்தார். யாரும் சொல்லாமலே ஒரு முறை விட்டார். படகு சாய்ந்து, நிமிர்ந்து, ஓடியது. அவர் அழுதுகொண்டிருந்தார். துடைக்கக் கை ஒழியவில்லை.

திட்டு வந்தது. அடியில் மணல் தெரிந்தது.

"அண்ணாச்சி, கரை வந்துட்டு. கயித்த விடுங்க."

அவர் விடவில்லை.

"அண்ணாச்சி! விடுங்க!"

"இப்பதான தாயி பிடிச்சிருக்கேன்," என்றார்.