லோன்லிக்கு இன்னொரு சொல்

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அங்கே இருந்த சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவருக்குச் சீடராய் வந்து சேர்ந்த தில்லைநாயகத்துக்கோ எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர். அகராதியைக் கரைத்துக் குடித்தவர். மனைவி போனபின் தனிமை வேண்டுமென்று மடத்தைத் தேடி வந்தார். ஒரே மகன் தயாளன், ஜெர்மனியில் வேலை.

ஒருநாள் காலை சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேராசிரியர் போனும் கையுமாக வந்து எதிரே உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"சாமி, ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் பிடிபடலை."

"உங்களுக்கேவா?"

"பையன் போன மாசம் எழுதியிருந்தான். 'அப்பா, ஐ ஆம் லோன்லி'ன்னு."

"நீங்க என்ன எழுதுனீங்க?"

பேராசிரியர் போனைப் பார்த்துச் சொன்னார். "'அலோன்'னா பக்கத்துல ஆள் இல்லை. 'லோன்லி'ன்னா ஆள் இருந்தாலும் மனசு வெறுமையா கிடக்கும். 'சாலிட்யூட்' நாமளா விரும்பித் தேடிக்கிறது. உனக்குத்தான் ரூம்ல ரெண்டு பேர் இருக்காங்களே, நீ சொல்ல வந்தது வீட்டு ஏக்கம், அதாவது 'ஹோம்சிக்'கா இருக்கும், யோசிச்சு எழுதுன்னு…"

"அவன் என்ன சொன்னான்?"

மகனிடமிருந்து பதிலே வரவில்லை. அதற்குப் பிறகு இவர் அனுப்பியதெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

"அவன் மனசுல இருந்தது எந்த வார்த்தைன்னு தெரிஞ்சா, சரியா ஒரு பதில் எழுதிருவேன் சாமி."

பெற்ற மனம் பித்து என்பார்கள். பேராசிரியரின் பித்து அகராதிப் பித்து.

சாமி கீரையை அடுப்படிக்குக் கொண்டுபோனார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோறு வடித்ததும் ஒருவர் வாசலுக்குப் போய், "பசிச்சவங்க யாரும் உண்டா?" என்று குரல் கொடுக்க வேண்டும். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே இலை போடுவார்கள். அன்று பேராசிரியர் குரல் கொடுத்தார். ரோட்டோரம் நின்ற ஒருவர் புழுதி படிந்த வேட்டியோடு வந்து, "பசிக்குது, சாமி" என்றார்.

சாமி எழுந்து வாசலுக்கு வந்தார்.

"பசியா, பட்டினியா?"

வந்தவர் முழித்தார்.

"காலையில சாப்பிடலைன்னா பசி. நாலு நாளா சோறே இல்லைன்னா பட்டினி. விரும்பிச் சாப்பிடாம இருந்தா விரதம். உங்களுக்கு எது? யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் ஒருமுறை சோற்றுப் பானையைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தார்.

"என்ன சாமி அநியாயம்! பசின்னு வந்தவர்கிட்ட இதையா கேக்கிறது?" என்று கத்தினார் பேராசிரியர். கத்திய வாய் அப்படியே நின்றுவிட்டது.

இலையில் சோற்றை அள்ளிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். இந்தப் பக்கமும் ஆள் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. இப்போதுதான் ஒரு பஸ் போச்சு என்றார் எதிர்க்கடைக்காரர். மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

சாமி பானையை மூடியிருந்தார். "இன்னைக்கு எனக்கும் சோறு கிடையாது" என்றார்.

பேராசிரியர் அவர் காலடியில் உட்கார்ந்தார். "பையனுக்கு நான் இப்ப என்ன எழுதட்டும்?"

"எழுதாதீங்க. கூப்பிடுங்க."

கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டார். பிறகும் கூப்பிட்டார்.

"எடுக்க மாட்டேங்கானே சாமி. என்ன ஆனான்னே தெரியலையே. நீங்க இந்தா பக்கத்துலதான் இருக்கீங்க, ஆனாலும் எனக்கு என்னமோ…"

அதற்குமேல் அவருக்கு எந்த மொழியிலும் வார்த்தை வரவில்லை.

சாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அர்த்தம் கேட்டீங்களே. இதுதான்."